ஊசியிலையை வைத்துக் காற்று மாசை அறிவது: எந்த இலை, எந்த முறை, எங்கே தவறும்?

#1 கூம்பு

சாலையோரம் இரட்டை ஊசிப் பைன் மரங்கள். சாலையிலிருந்து 5, 25, 80 மீட்டர் தள்ளி மூன்று வரிசைகள். ஒப்பிட்டுப் பார்க்க, 3 கி.மீ. தள்ளி ஒரு தோப்பில் அதே இனம். வண்டிப் புகையும் தேய்மானத் தூளும் எந்த வரிசை வரை எட்டுகின்றன என்பதை ஊசியிலைகளைக் கொண்டே சொல்ல வேண்டும்.

இருப்பவை: 100 மடங்கு வரை காட்டும் நுண்ணோக்கி, 0.01 மி.கி. தராசு, உலர் அடுப்பு, வெற்றிட வடிகட்டி. காந்த அளவீட்டுக்குப் புவியியல் ஆய்வகம் ஒன்றின் உதவி கிடைக்கும்.

கேள்விகள் மூன்று. எந்த வயது இலையைப் பறிப்பது? கழுவி எடை போடுவதா, காந்தமா, இலைத்துளையை எண்ணுவதா? கடைசியில் வரும் எண்ணை பி.எம் 2.5 (காற்றில் மிதக்கும், 2.5 மைக்ரானுக்கும் சிறிய துகள்) அளவாக மாற்றலாமா?

#2 மெழுகுப்படலம்

இப்போதைக்கு வயதைப் பற்றி மட்டும். மற்றதெல்லாம் இதன் மேல்தான் நிற்கிறது.

ஊசியிலை மரத்தை இந்த வேலைக்குத் தேர்ந்தெடுக்கக் காரணமே, அதன் இலை ஆண்டுக்கணக்கில் கிளையிலேயே இருப்பதுதான். ஆனால் ஒரே கிளையில் நான்கு மாத இலையும் இரண்டு வயது இலையும் பக்கத்துப் பக்கத்தில் நிற்கும். இரண்டையும் கலந்து பறித்தால் நீங்கள் அளப்பது மாசை அல்ல, வயதை.

கிளை நுனியிலிருந்து பின்னோக்கிப் பாருங்கள். நுனியில் மொட்டு. அதற்குக் கீழே இந்த ஆண்டின் தண்டு, பச்சையோ வெளிர்பழுப்போ ஆக, வழவழப்பாக இருக்கும். அது முடியும் இடத்தில் தண்டைச் சுற்றி நெருக்கமான தழும்பு வளையம் ஒன்று விரலில் தட்டுப்படும். போன ஆண்டு மொட்டின் செதில்கள் உதிர்ந்த தடம் அது. பெரும்பாலும் அங்கிருந்துதான் பக்கக் கிளைகளும் வட்டமாகப் பிரியும். அந்த வளையத்துக்குப் பின்னால் இருப்பவை ஓராண்டு இலைகள். உங்கள் வேலைக்கு அவையே போதும். எல்லா மரத்திலும் அதே அடுக்கு.

ஆனால் இந்தக் கணக்கு ஆண்டுக்கு ஒரே முறை துளிர்க்கும் இனங்களுக்குத்தான் பொருந்தும். ஆஸ்திரியக் கறுப்புப் பைன், ஸ்காட்ஸ் பைன் இந்த வகை. லாப்லாலி பைன், பாட்டுலா பைன் போன்றவை ஓராண்டிலேயே இரண்டு, மூன்று முறை துளிர்க்கும். அங்கே வளையத்தை எண்ணினால் வயது தப்பாகிவிடும். அப்படிப்பட்ட இனமென்றால் துளிர் விடும்போதே தண்டில் வண்ண நூலோ பிளாஸ்டிக் பட்டையோ கட்டித் தேதி எழுதிவைப்பதைத் தவிர வேறு வழி இல்லை. கம்பி கட்டவேண்டாம், காந்த அளவீட்டைக் கெடுக்கும்.

#3 காந்தவூசி

மூன்றாவது கேள்விக்கு நேரடியாகப் பதில்: மாற்றக் கூடாது. காரணத்தைப் பிறகு எழுதுகிறேன். முதலில் பறிக்கும் முறை, ஏனென்றால் காந்தத்துக்கான மாதிரியைப் பறிக்கும்போதே கெடுத்துவிடுபவர்கள்தான் அதிகம்.

இரும்புக் கத்தரிக்கோல் கூடாது. வெட்டும் ஒவ்வொரு முறையும் கண்ணுக்குத் தெரியாத இரும்புத் துகள் இலையில் ஒட்டும். பீங்கான் கத்தரி பயன்படுத்துங்கள், அல்லது கையுறை போட்டுக் கொத்தின் (அடியில் ஒரே உறைக்குள் சேர்ந்திருக்கும் இரண்டு ஊசிகள்) அடியைப் பிடித்துப் பின்பக்கமாக இழுங்கள், உறையோடு வந்துவிடும். இலையின் நடுப்பகுதியைத் தொடவேண்டாம். விரல் பட்ட இடத்தில் துகளும் போகும், மெழுகும் மழுங்கும்.

உயரம் தரையிலிருந்து 1.5 முதல் 2 மீட்டர், எல்லா மரத்திலும் ஒன்றே. அதற்குக் கீழே போனால் மண் தெறிப்பு வந்துவிடும். சாலையைப் பார்த்த பக்கம் ஒரு பை, எதிர்ப்பக்கம் ஒரு பை. இரண்டையும் ஒருபோதும் கலக்காதீர்கள். ஒரே மரத்தின் இரண்டு பக்கங்களுக்கு இடையிலான வேறுபாடு, ஒப்பீட்டுத் தோப்பை விட நம்பகமான சாட்சி. வேர் ஒன்று, மண் ஒன்று, வயது ஒன்று, காற்று மட்டும்தான் வேறு.

பெரிய மழைக்குப் பிறகு குறைந்தது ஐந்து வறண்ட நாட்களாவது போகட்டும். எல்லா மரங்களையும் ஒரே நாளில் முடித்துவிடுங்கள். பாதி மழைக்கு முன், பாதி மழைக்குப் பின் என்றால் அந்தத் தரவைத் தூக்கிப் போடவேண்டியதுதான்.

#4 வடிதாள்

கழுவி எடை போடும் முறை.

ஒரு மாதிரிக்கு ஏறத்தாழ 300 சதுர செ.மீ. இலைப்பரப்பு வேண்டும். 250 மி.லி. வடிநீரில் 60 விநாடி குலுக்குங்கள். நீரை 100 மைக்ரான் சல்லடையில் ஊற்றிப் பூச்சிக்கால், பட்டைத்துணுக்கு எல்லாவற்றையும் நீக்குங்கள். பிறகு வரிசையாக மூன்று வடிகட்டிகள்: 10 மைக்ரானைப் பிடிக்கும் வாட்மன் 91, 2.5 மைக்ரானுக்கு வாட்மன் 42, கடைசியாக 0.2 மைக்ரான் டெஃப்லான் சவ்வு. டெஃப்லான் நீரை விலக்கும், முதலில் சில துளி ஐசோப்ரொப்பனால் விட்டு நனைக்காவிட்டால் ஒரு சொட்டுக்கூட இறங்காது.

இதோடு முடிந்தால் கிடைப்பது மேற்பரப்பில் உட்கார்ந்த துகள் மட்டும். மெழுகுக்குள் புதைந்தது நீருக்கு வராது. அதற்கு அதே இலைகளை மேலீரம் முழுக்கக் காயவைத்து 150 மி.லி. குளோரோஃபார்மில் 40 விநாடி. அதையும் புது வடிகட்டிகளில் அதே வரிசையில் வடிக்கவேண்டும். ஊசியிலைக்கு இந்த இரண்டாம் படியை விட்டுவிட்டால் பாதிக் கதைதான் கிடைக்கும். மழை கழுவிக்கொண்டு போவதும் பெரும்பாலும் மேற்பரப்புப் பங்கைத்தான். மெழுகில் சிக்கியது மழைக்கும் நிற்கிறது.

இந்த முறை எங்கே கவிழும் என்றால் தராசில். கணக்குப் போட்டுப் பாருங்கள். சதுர செ.மீ.க்கு 10 மைக்ரோகிராம் துகள் என்று வைத்தால் 300 சதுர செ.மீ.க்கு மொத்தம் 3 மி.கி. அது மூன்று வடிகட்டிகளாகப் பிரியும். 90 மி.மீ. செல்லுலோஸ் தாளின் எடையோ 0.6 கிராமுக்கு மேல். அந்தத் தாளின் ஈரம் 1 விழுக்காடு ஏறினாலே 6 மி.கி. கூடிவிடும். தேடுவதை விட இரட்டிப்பு பிழை! அதனால் 47 மி.மீ. தாளுக்கு இறங்குங்கள். 60 பாகையில் அரை மணி உலர்த்தி, எடைபோடும் அறையிலேயே ஒரு மணி நேரம் திறந்து வைத்து, பிறகு எடை. ஒவ்வொரு தொகுதியோடும் வெறும் நீரை வடித்த மூன்று வெற்றுத் தாள்களைக் கூடவே கொண்டுபோங்கள். அவற்றின் எடை எவ்வளவு நகர்ந்ததோ அதை மாதிரித் தாள்களில் கழியுங்கள். டெஃப்லானுக்கு ஈரம் பிரச்சினை இல்லை, நிலைமின்சாரம்தான் பிரச்சினை. மின்னேற்றம் நீக்காமல் வைத்தால் தராசின் எண் நிற்கவே நிற்காது.

#5 கரைப்பான்

வடிதாள் சொன்னதில் பாதுகாப்பு விடுபட்டிருக்கிறது. குளோரோஃபார்ம் வேலை முழுவதும் புகைக்கூண்டுக்குள் (ஆவியை வெளியே இழுக்கும் ஆய்வகப் பெட்டி) மட்டுமே. சாதாரண நைட்ரைல் கையுறையை அது மிகச் சீக்கிரம் ஊடுருவிவிடும். பாலிவினைல் ஆல்கஹால் அல்லது பல அடுக்குத் தகட்டுக் கையுறை வேண்டும். கழிவை ஹாலஜன் கழிவுப் புட்டியில் தனியாகச் சேருங்கள். அசிட்டோன் கழிவோடு கலக்கவே கூடாது, காரம் கொஞ்சம் இருந்தால் போதும், வெடிப்போடு வினைபுரியும்.

இன்னொன்று. பாலிகார்பனேட் சவ்வும் பாலிஸ்டைரீன் தட்டும் குளோரோஃபார்மில் கரைந்துவிடும். கண்ணாடியும் டெஃப்லானும் மட்டுமே. கடைசியில் சுத்தமான குளோரோஃபார்மால் வடிகட்டியை ஒருமுறை அலசுங்கள், இல்லாவிட்டால் மெழுகு அதன்மேல் உறைந்து துகளாகக் கணக்கில் ஏறும்.

#6 கூம்பு

மிக்க நன்றி. 300 சதுர செ.மீ. என்றால் எத்தனை இலை? ஒவ்வொன்றாக ஸ்கேன் செய்ய வேண்டுமா?

#7 மெழுகுப்படலம்

ஸ்கேன் வேண்டாம். அது நிழல் பரப்பைத்தான் காட்டும். ஊசிக்கு வடிவக்கணக்கே நல்லது.

இரட்டை ஊசிப் பைனில் இரண்டு இலையையும் சேர்த்துப் பிடித்தால் முழு உருளை. ஆக, ஒவ்வோர் இலையும் அரை உருளை. சுற்றளவு = வளைந்த பக்கம் (π × விட்டம் ÷ 2) + தட்டைப் பக்கம் (விட்டம்). விட்டம் 1.5 மி.மீ., நீளம் 100 மி.மீ. என்றால் (2.36 + 1.5) × 100 = 386 சதுர மி.மீ. அதாவது ஓர் இலைக்கு 3.9 சதுர செ.மீ. சுமார் 80 இலை, 40 கொத்து போதும். மூன்று ஊசி இனத்தில் π × விட்டம் ÷ 3 + விட்டம் என்று மாற்றிக்கொள்ளுங்கள். மாதிரிக்கு 20 இலையின் நீளத்தையும் நடுவிட்டத்தையும் நுண்ணளவியில் எடுத்துச் சராசரி போட்டால் சரியாகிவிடும்.

அடுத்து இலைத்துளை எண்ணுவது. செலவே இல்லாத முறை, ஆனால் கண்ணை ஏமாற்றும்.

ஊசியை நீளவாட்டில் தட்டைப் பக்கம் மேலே வரும்படி ஒட்டுநாடாவில் கிடத்துங்கள். இலை ஒளிபுகாதது, அதனால் கீழிருந்து வரும் விளக்கை அணைத்துவிட்டு மேலிருந்து சாய்வாக ஒளி விழச் செய்யுங்கள். 40 மடங்கில் பார்த்தால் பச்சைத் துணியில் வெள்ளை நூலால் ஓட்டுத்தையல் போட்டதுபோல் வரிவரியாகப் புள்ளிகள் தெரியும். ஒவ்வொரு புள்ளியும் ஒரு துளை. இங்கேதான் எல்லோரும் தவறுவது: வெள்ளையாக அடைத்திருப்பது மாசு அல்ல. துளையின் வாயில் குழாய் குழாயாக மெழுகு நிரம்பியிருப்பது ஆரோக்கியமான ஊசியின் இயல்பு. மாசு என்று எண்ணவேண்டியது, அந்த வெள்ளை மறைந்து கறுப்பாகவோ சாம்பலாகவோ அடைத்துக்கொண்ட துளையை.

ஓர் இலையில் நுனி, நடு, அடி என மூன்று இடம், ஒவ்வொன்றிலும் 50 துளை, மரத்துக்குப் பக்கத்துக்கு 10 இலை. பைகளின் பெயரை வேறொருவர் குறியெண்ணாக மாற்றித் தரட்டும். எது சாலையோர மரம் என்று தெரிந்துகொண்டு எண்ணினால் கை தானாக அந்தப் பக்கம் சாயும்.

பத்து இலையில் 1,500 துளை எண்ணியதால் மாதிரி எண்ணிக்கை 1,500 ஆகிவிடாது. ஒப்பீட்டின் அலகு மரம். ஐந்து மரம் என்றால் உங்கள் எண்ணிக்கை ஐந்துதான்.

#8 தழும்பு

இலையில் தெரியும் காயங்களையும் குறித்துக்கொள்ளுங்கள், ஆனால் அதைச் சாலை மாசுக்கான அளவுகோலாக வைக்கவேண்டாம். காயம் வேறு வாயுக்களின் கதையைச் சொல்லும்.

ஓசோன் என்றால் பழைய அடுக்கு இலைகளில் வெளிர்மஞ்சள் திட்டுகள், ஓரம் கரைந்தாற்போல் பச்சையோடு கலந்திருக்கும். கலிஃபோர்னியாவின் சான் பெர்னார்டினோ மலையில் பாண்டெரோசா பைன்களுக்கு வந்த இனம்புரியாத நோயை 'எக்ஸ் நோய்' என்றே அழைத்தார்கள். அது ஓசோனால் வருவது என்று 1963இல் நிறுவினார்கள். புளூரைடும் சல்ஃபர் டை ஆக்சைடும் நுனியிலிருந்து செம்பழுப்பாக எரித்துக்கொண்டு வரும். புளூரைடில் எரிந்த பகுதிக்கும் பச்சைக்கும் நடுவே கோடு போட்டதுபோல் எல்லை இருக்கும்.

ஏமாற்றுபவை நிறைய. சாறு உறிஞ்சும் பூச்சி குத்திய இடத்தில் மஞ்சள் புள்ளி வரும், உருப்பெருக்கியில் பார்த்தால் நடுவில் குத்திய தடம் தெரியும். டோத்திஸ்ட்ரோமா பூஞ்சை சிவப்புப் பட்டை போடும். குளிரும் வெயிலும் சேர்ந்து உண்டாக்கும் புள்ளிகள் வானம் பார்த்த பக்கத்தில் மட்டும் இருக்கும், திருப்பிப் பார்த்தால் கீழ்ப்பக்கம் சுத்தம். உப்புத் தெறிப்பும் வறட்சியும் நுனியை எரிக்கும். நுனி கருகிய ஒரே அடையாளத்தை வைத்துக்கொண்டு ஆலையைக் குற்றம் சாட்டுவது பெரும்பிழை.

#9 காந்தவூசி

இப்போது காந்தம். பெரிதாகத் தோன்றினாலும் மூன்றில் இதுதான் வேகமானது, இலையும் அழியாது.

வண்டியின் பிரேக் தேய்மானத்திலும் புகையிலும் இரும்பு ஆக்சைடு நுண்துகள் வருகிறது, பெரும்பங்கு மேக்னடைட். அதை இலையோடு சேர்த்து 1 டெஸ்லா துடிப்புப் புலத்தில் காந்தமாக்கி, புலத்தை எடுத்தபின் தங்கும் காந்தத்தைக் காந்தமானியில் படிக்கிறோம். காந்த ஏற்புத்திறன் மீட்டர் (புலம் இருக்கும்போதே பொருள் எவ்வளவு காந்தமாகிறது என்று காட்டுவது) போதுமே என்று கேட்பார்கள், போதாது. இலையின் செல்லுலோஸும் நீரும் எதிர்க்காந்தப் பொருள்கள், புலத்துக்கு எதிர்த்திசையில் லேசாகக் காந்தமாகும். துகள் குறைவாக இருக்கும் இலையில் அந்த மீட்டர் பூஜ்யத்துக்குக் கீழே மைனஸ் எண் காட்டிவிடும். தங்கு காந்தத்தில் இலையின் பங்கே கிடையாது.

இலைகளை 40 பாகையில் உலர்த்துங்கள். 1 முதல் 2 கிராம் உலர் எடை. இரட்டை ஊசியில் 20 கொத்து சரியாக இருக்கும். மெல்லிய பிளாஸ்டிக் தாளில் இறுக்கிச் சுற்றிக் காந்தமற்ற சிறு பெட்டியில் அடையுங்கள். இறுக்கம் முக்கியம். அளக்கும்போது உள்ளே ஓர் இலை புரண்டாலும் அதன் திசை மாறி எண் குறையும். வெற்றுப் பெட்டியையும் தாளையும் அதே புலத்தில் காந்தமாக்கி அளந்து கழிக்க மறக்காதீர்கள்.

பிறகு 300 மில்லி டெஸ்லா எதிர்ப்புலம் கொடுத்து மறுபடி அளவிடுங்கள். எதிர்த்திசையில் கிடைத்ததை முதல் அளவால் வகுத்தால் வரும் விகிதம் 1ஐ ஒட்டியிருந்தால் மேக்னடைட் வகை. கணிசமாகக் குறைந்தால் ஹெமடைட் கலந்திருக்கிறது, அதாவது மண்புழுதி. உங்கள் மூன்று வரிசைகளுக்கும் இது மிகவும் தேவை. 80 மீட்டரில் துகள் நிறைய இருந்து விகிதம் மட்டும் இறங்கினால் அது சாலை அல்ல, பக்கத்து வெறுநிலம்.

சால்ட் லேக் சிட்டியில் யூட்டா பல்கலைக்கழகத்தினர் வளாகத்து ஊசியிலைகளைக் கோடையிலும், புகைமூட்டம் பள்ளத்தாக்கில் தேங்கும் குளிர்காலத்திலும் எடுத்து இப்படித்தான் ஒப்பிட்டார்கள். 2020இல் ஜியோஹெல்த் இதழில் வந்தது.

#10 வடிதாள்

அப்படியானால் பி.எம் 2.5 அளவாக ஏன் மாற்றக் கூடாது? கண்காணிப்பு நிலையத்தின் பக்கத்தில் அதே இனமரம் இருந்தால், மாதாமாதம் அளந்து நேர்கோடு பொருத்தலாமே. ஓர் இனம், ஒரு பருவம் என்ற எல்லைக்குள் அது செல்லும் என்று நினைக்கிறேன்.

#11 காந்தவூசி

கோடு பொருந்தும், வேறு இடத்துக்குக் கொண்டுபோனால் உடையும். அதனால்தான் எதிர்க்கிறேன்.

காந்தம் இரும்பை மட்டுமே பார்க்கிறது. பி.எம் 2.5இல் பெரும்பங்கு சல்ஃபேட், நைட்ரேட், கரிமப் பொருள். விறகுப்புகையில் காந்தப் பொருள் மிகக் குறைவு. ரயில் பாதை அருகே சக்கரமும் தண்டவாளமும் தேய்ந்து காந்த அளவு எகிறும், காற்றில் பி.எம் 2.5 அந்த அளவு இருக்காது. சாலையோரத்தில் போட்ட கோட்டை அங்கே வைத்தால் இரண்டு பக்கமும் பொய்.

அடுத்து, இலை உண்டியல் அல்ல. விழுவதும் காற்றிலும் மழையிலும் போவதும் ஒரு கட்டத்தில் சமமாகி நின்றுவிடும். இரண்டு வயது இலையில் ஓராண்டு இலையைப் போல இரண்டு மடங்கு இருக்கும் என்று எதிர்பார்க்க முடியாது. நிலையம் தருவது 24 மணி நேரச் சராசரி. இலை தருவது, கடைசிப் பெருமழைக்குப் பிறகு சேர்ந்ததும் அதற்கு முன்பே மெழுகில் மாட்டியதும் கலந்த ஒன்று. எந்த நாளின் மைக்ரோகிராம் என்று எழுதுவீர்கள்?

தோப்பு மரத்தின் சராசரியை 1 என்று வைத்து, மற்ற வரிசைகள் அதைப் போல எத்தனை மடங்கு என்று சொல்லுங்கள். அது இலை உண்மையிலேயே தெரிந்து சொல்லும் பதில். எந்த வீட்டுச் சன்னல் பக்கம் கருவி வைக்கவேண்டும் என்று முடிவெடுக்க அது போதும்.

#12 வடிதாள்

இரும்பு பற்றிய வாதத்தை ஏற்கிறேன். விழுவதும் போவதும் சமமாகி நிற்பது எடை முறைக்கும் பொருந்துகிறது என்பதால் நானும் மடங்காகவே சொல்லப்போகிறேன். பின்னாளில் யாராவது திரும்ப ஒப்பிட, சதுர செ.மீ.க்கு மைக்ரோகிராமையும் அட்டவணையில் விட்டுவையுங்கள்.

#13 கரைப்பான்

வேதியியல் பக்கம் யாராவது போக நினைத்தால் சுருக்கமாக:

பல்வளைய நறுமண ஹைட்ரோகார்பனுக்கு (எரிபொருள் அரைகுறையாக எரியும்போது வரும் சேர்மங்கள்) ஊசியின் மெழுகு நல்ல பொறி. ஃபினாந்த்ரீன், பைரீன் போன்ற மூன்று, நான்கு வளையச் சேர்மங்கள் வாயுவாகவே மெழுகில் கரையும். ஐந்து, ஆறு வளையம் துகளோடு வரும். அதனால் இலையின் கலவை காற்றின் கலவையாக இருக்காது. காற்றுக்காக வகுத்த மூல விகிதங்களை (மாசு எங்கிருந்து வந்தது என்று காட்டும் சேர்ம விகிதங்கள்) இலைக்கு அப்படியே வைக்காதீர்கள். மாதிரியை அலுமினியத் தாளில் சுற்றி, இருட்டில், மைனஸ் 20 பாகையில் வையுங்கள். கரைப்பானில் எடுக்கும் சாற்றில் பிசினும் மெழுகும் ஏராளமாக வரும். சிலிக்கா நிரப்பிய குழாயில் (நிரல்) சுத்தம் செய்யாமல் பகுப்புக் கருவியில் ஏற்றினால் கருவியின் நிரல் பாழ்.

உலோகத்துக்குத் துத்தநாகத்தையும் மாங்கனீசையும் நம்பவேண்டாம், வேர் வழியாகவும் ஏறுபவை. ஆன்டிமணி, செம்பு, பேரியம் மூன்றும் சேர்ந்து உயர்ந்தால் பிரேக். மண்ணின் பங்கைக் கழிக்க அலுமினியத்தை வைப்பார்கள், ஆனால் நைட்ரிக் அமிலம் மட்டும் மண்தூளின் சிலிகேட்டை முழுதாகக் கரைக்காது. அலுமினியம் குறைந்து காட்டும், செறிவுக் காரணி (மண்ணில் இருப்பதைப் போல எத்தனை மடங்கு என்ற எண்) பொய்யாக உயரும். அமெரிக்கத் தர அளவீட்டு நிறுவனமான நிஸ்டின் எஸ்.ஆர்.எம் 1575ஏ (தனிம அளவு முன்பே உறுதிசெய்யப்பட்ட ஒப்பீட்டு மாதிரி) பைன் ஊசித்தூளேதான். ஒவ்வொரு தொகுதியிலும் அதைக் கூட ஓட்டினால் இந்தக் குறை வெளிப்பட்டுவிடும்.

#14 இலைநரம்பு

பைன் இல்லாத இடத்தில் சவுக்கு ஆகுமா?

#15 மெழுகுப்படலம்

சவுக்கில் ஊசிபோல் தெரிவது இலை அல்ல, கணுக்கணுவான பச்சைச் சிறுகிளை. ஒரு கணுவில் பிடித்து இழுத்தால் உருவி வரும், மூட்டைச் சுற்றிப் பற்கள்போல் நிற்பவைதான் இலைகள். துளைகள் நீளப் பள்ளங்களுக்குள் ஒளிந்திருக்கும், எண்ணும் முறை நடக்காது. கழுவுவதும் காந்தமும் செய்யலாம். சவுக்கைச் சவுக்கோடு மட்டும் ஒப்பிடவேண்டும். வயதை அறிய வளையம் கிடையாது, நூல் கட்டியே ஆகவேண்டும்.

#16 கூம்பு

எல்லோருக்கும் நன்றி. திட்டம் இப்படி மாறுகிறது.

மூன்று வரிசை, தோப்பு ஒன்று, ஒவ்வொன்றிலும் ஐந்து மரம், ஆக 20. இரண்டு பக்கம், ஓராண்டு அடுக்கு, 1.5 முதல் 2 மீட்டர் உயரம். பக்கத்துக்கு 70 கொத்து: கழுவ 40, காந்தத்துக்கு 20, துளை எண்ண 5, மீதி கையிருப்பு. மொத்தம் 40 பை. காந்த மாதிரிகளையும் கழுவிய பிறகே அளக்கலாம் என்றிருக்கிறேன், ஒரே இலையில் இரண்டு வேலையும் முடியும். முடிவு தோப்பின் மடங்காக.

#17 காந்தவூசி

எல்லாம் சரி, அந்தக் கடைசிப் படியைத் தவிர. கழுவினால் காந்தத் துகளில் ஒரு பங்கு வடிதாளுக்குப் போய்விடும். தனியாக 20 கொத்து ஒதுக்கியிருக்கிறீர்களே, அவற்றைக் கழுவாமலே அளவிடுங்கள். கழுவிய 40இலிருந்து குளோரோஃபார்முக்குப் போகுமுன் 10 கொத்தை எடுத்து அதையும் அளந்தால், நீருக்குப் போகாமல் நின்றது எவ்வளவு என்பதும் தெரிந்துவிடும். அந்த 10 கொத்தின் பரப்பைக் குளோரோஃபார்ம் கணக்கில் கழித்துக்கொள்ளுங்கள்.

தோப்பு மரங்களைக் காலையில் முதலில் பறியுங்கள், 5 மீட்டர் வரிசையைக் கடைசியில். கையுறை மரத்துக்கு மரம் புதிது.